விழுந்து காட்டிய லிஃப்ட்காரர்

இருதயத்துக்குள் கம்பி வைத்துக்கொண்ட ஒருவர் மறுபடியும் ஷட்டில் ஆடலாமா என்று முடிவு சொல்ல மருத்துவருக்கு ஒரு காப்பி ஆறும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. மனமகிழ் மன்றத்துக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. மருத்துவரைக் குறைசொல்ல முடியாது. அவருக்கு இருதயம் மட்டும்தான் தெரியும். மன்றத்துக்கு விதிகள் தெரியும்.

விஷயம் லிஃப்ட்காரரைப் பற்றியது. பாதி வழியில் நின்றுபோகிற லிஃப்டுகளை ஓடவைப்பது அவர் தொழில். இரண்டு மாடிகளுக்கு நடுவே யாராவது மாட்டிக்கொண்டு உள்ளிருந்து தட்டினால், கதவின் இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க. கயிறே அறுந்தாலும் கீழ விழாது, பிரேக் பிடிச்சுக்கும். நான் இங்கதான் இருக்கேன்" என்பார். தட்டல் குறையும். அழுகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடங்குவார்கள். பிரேக்கைப் பற்றிச் சொன்னதால்தான் அவர்களுக்குத் தைரியம் வந்தது என்று அவர் காலமெல்லாம் நம்பியிருந்தார்.

ஒருநாள் மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் படியேறும்போது அவருக்கே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது ஆஸ்பத்திரி. இருதயம் சோம்பேறித்தனமாக அடிக்கிறது என்று, தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை இருதயத்துக்குள் விட்டுத் தைத்தார்கள். பேஸ்மேக்கர். அதோடு விடவில்லை. அவர் தூங்கும் அழகைப் பார்த்துப் பயந்துபோன நர்ஸம்மா போய்ச் சொல்ல, இன்னொரு சோதனை நடந்தது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதற்கு ஒரு மெஷின், குழாய், மூக்கில் மாட்ட ஒரு மாஸ்க்.

"பயப்படாதீங்க சார்," என்றார் மருத்துவர். லிஃப்ட்காரருக்கு மகள் வயதுப் பெண். "இதயம் சுணங்கினா இந்தப் பெட்டி தட்டி எழுப்பிடும். விடாது."

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரேக் பிடிச்சுக்கும் என்று தான் சொன்னதையே வேறு குரலில் கேட்டார். உள்ளே இருந்து கேட்கும்போது அதில் ஒரு தைரியமும் இல்லை.

"அப்ப மூச்சு நின்னா? அதையும் இதுவே பார்த்துக்குமா?"

"பார்க்காது. மூச்சை மாஸ்க்தான் பார்க்கணும். மூத்த மருமகள், இளைய மருமகள் மாதிரி. ஒருத்தி வேலையை இன்னொருத்தி தொடமாட்டா."

"ஷட்டில் ஆடுவேன் டாக்டர்..."

"தெரியும். நீங்க இடது கையால ஆடுறவர்னு உங்க வீட்டம்மா ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வச்சுச் சொன்னாங்க. அதனாலதான் பெட்டியை வலது பக்கம் வச்சேன். காயம் ஆறட்டும், அந்தப் பக்கத்துக் கையைக் கொஞ்ச நாள் மேல தூக்காதீங்க. சோதனைக்கு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன். அப்புறம் மெல்ல ஆரம்பிச்சு தாராளமா ஆடலாம். ஆனா மாஸ்க் போட்டுத் தூங்காம கோர்ட்டுப் பக்கம் போகாதீங்க."

புருஷன் பிழைப்பானா என்று தெரியாத நேரத்தில், அவன் எந்தக் கையால் பந்தடிப்பான் என்பதை நினைவாகச் சொன்ன மனைவி. இப்படிப்பட்டவர்களை நம் வீடுகளில் வைத்துவிட்டு, கடவுள் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று சில நேரம் நாம் புலம்புகிறோம்.

லிஃப்ட்காரரும் புலம்பத்தான் செய்தார். மாஸ்க்கை முதல்முறை மாட்டியதும் காற்று உஸ்ஸென்று முகத்தில் ஏறியது. இரண்டு மாடிகளுக்கு நடுவே விளக்கணைந்த லிஃப்டில் தாமே நிற்பதுபோல இருந்தது. பிய்த்து எறிந்தார். மாஸ்க் இல்லாமல் கண்ணை மூடினாலோ வேறு பயம். இந்தத் தூக்கத்தின் மறுபக்கத்தில் கதவு திறக்குமா? அதனால் பாதி விழிப்பில் மல்லாந்து கிடந்து, தன் நெஞ்சைத் தானே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். பேருந்துக் கூட்டத்தில் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்போல, அவருடைய இடது கை அடிக்கடி வலது தோளுக்குக் கீழே போய்ப் பெட்டியைத் தொட்டுவிட்டு வரும். சாப்பிடும்போது, பேசும்போது, கடவுளைக் கும்பிடும்போதுகூட.

"ஏங்க, அந்த மெஷின் என்ன, புது மாப்பிள்ளையா? அலமாரில மரியாதையா உக்கார வச்சிருக்கீங்க," என்பாள் மனைவி.

"மூச்சு முட்டுதும்மா."

"போடாட்டியும்தான் முட்டுது. பக்கத்துல படுத்திருக்கிற எனக்கு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவரோ பகலெல்லாம் தூங்கி வழிந்தார். கையில் ஸ்பேனரோடு தூங்கினார். வெயில் தாளாமல் ஒதுங்கிய கடையில் நின்றபடியே தூங்கினார்.

காயம் ஆறியது. பெட்டியைச் சோதித்துப் பார்த்த மருத்துவர், ஆடலாம் என்றார். மாஸ்க் போடுறீங்கதானே என்று கேட்டதற்கு லிஃப்ட்காரர் தலையை ஒருமாதிரி ஆட்டிவைத்தார். பேட்டை உறையில் போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போனார். பயமில்லாமல் இல்லை. ஒரே ஒரு ஆட்டம் பழையபடி ஆடிவிட்டால் இந்தப் பயம் தன்னை விட்டு இறங்கிவிடும் என்று நினைத்தார்.

வாசலிலேயே செயலாளர் மறித்தார். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். "உள்ள வாங்க, ஆனா நில்லுங்க. பாதுகாப்புத் துணைக்குழு கூடியிருக்கு. உங்களுக்காகத்தான்."

நீள மேசைக்குப் பின்னால் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. வீட்டில் உப்பு கேட்பதானாலும் 'அன்பார்ந்த பெரியோர்களே' என்று தொடங்குவார் என்று சொல்வார்கள். லிஃப்ட்காரர் உள்ளே நுழைந்ததும் உறுப்பினர்கள் எல்லாரும் தங்கள் கைபேசிகளை அணைத்தார்கள். ஒருவர் காற்றாடியையும் நிறுத்தினார். கேட்டால், மின்சாரம் மின்சாரத்தை இழுக்குமாம்.

"அன்பார்ந்த உறுப்பினரே," என்றார் தலைவர். "இம்மன்றத்தில் இன்றுவரை ஒருவர்கூட இறந்ததில்லை. அதற்கான நிலைமை மூன்று பேருக்கு ஏற்பட்டது. மூவரையும் உரிய நேரத்தில் வாசலுக்கு வெளியே கொண்டுசேர்த்து மன்றத்தின் பெருமையைக் காத்தோம். அந்தப் பெருமை இனி உங்கள் கையில் இருக்கிறது."

லிஃப்ட்காரரின் கை பெட்டிக்குப் போய்விட்டு வந்தது. "டாக்டர் ஆடலாம்னு சொல்லிட்டாங்கய்யா."

"மருத்துவர் உங்கள் உயிருக்குப் பொறுப்பு. உங்கள் மரணத்துக்கு நாங்கள் அல்லவா பொறுப்பு?"

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், நின்ற இருதயத்தை அதிர்ச்சி கொடுத்து ஓடவைக்கும் கருவி இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

"நல்லவேளை, இது இருக்கு. சாவி எங்க இருக்கும்?"

"என் வீட்டுல," என்றார் செயலாளர். "பத்திரமா இருக்கணும்ல? இங்க வச்சா யாராவது எடுத்துப் பயன்படுத்திடுவாங்க."

லிஃப்ட்காரர் 'அபாய வகை உறுப்பினர்' என்று அறிவிக்கப்பட்டார். தூரத்திலிருந்தே தெரியும்படி மஞ்சள் மேல்சட்டை அணிந்துதான் ஆட வேண்டும். எதிரே ஆடுகிறவர் பலமாக அடிக்கக் கூடாது, மூலைக்கு அடிக்கக் கூடாது, வாக்குவாதம் அறவே கூடாது. அபாய வகை உறுப்பினருக்கு முகம் சிவந்தால் செயலாளர் விசில் ஊதுவார். உடனே எல்லாரும் அமைதியாக நிற்க வேண்டும்.

அப்படியே ஒரு ஆட்டம் நடந்தது. எதிரில் நின்ற வங்கி மேலாளர், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி பந்தை அவர் பேட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். இவர் தவறவிட்ட பந்துகளும் இவருக்கே புள்ளியாயின. ஓடாமலே முகம் சிவந்தது, வெட்கத்தில். உடனே விசில். எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். இப்படித் தலைகுனிந்து நிற்பவர்களை லிஃப்ட்காரர் வேறொரு இடத்தில்தான் பார்த்திருக்கிறார். அங்கே நடுவில் இருந்தவர் நின்றுகொண்டிருக்கவில்லை.

ஆட்டத்தில் அவர் ஒரு புள்ளிகூட விடாமல் வென்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

"ஜெயிச்சிட்டு வந்தவர் மூஞ்சியா இது?" என்றாள் மனைவி.

"எல்லாரும் சேர்ந்து என்னை அனுப்பி வைக்கிறாங்கம்மா."

மன்றத்தில் ஒருவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. கோட்டுக்காரர் என்று அவருக்குப் பட்டப்பெயர். இரும்புக்கடை வைத்திருக்கிறார். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று ஒவ்வொரு புள்ளிக்கும் சண்டை பிடிப்பவர். லிஃப்ட்காரருடன் அவர் போடாத சண்டை இல்லை. பாதி நாள் பேச்சுவார்த்தையே கிடையாது. அவரோ மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார்.

அடுத்த வாரம் செயலாளர் வீடு தேடி வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். "உங்க இரங்கல் உரை. அவசரத்துல எழுதினா தப்பு வந்துடும்னு தலைவர் முன்னாடியே தயார் பண்ணச் சொன்னார். நீங்களே ஒருதரம் பார்த்துட்டா நல்லது."

லிஃப்ட்காரரின் மனைவி காப்பி டம்ளரை வைத்தது வைத்தபடி நின்றாள். அவர் வாங்கிப் படித்தார். 'அன்னார் தம் வலக்கையால் அடித்த பந்துகள் இன்னும் நம் செவிகளில் ஒலிக்கின்றன' என்றிருந்தது.

"வலக்கை இல்ல, இடக்கை," என்றார் மெதுவாக.

"பார்த்தீங்களா. இதுக்குத்தான் நேர்ல வர்றது." செயலாளர் திருத்திக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஆபத்துக்கால ஒத்திகை. நீங்க விழணும்."

"நானா?"

"வேற யாரு விழுவா? உங்க இடத்துல உங்களைப் போடுறதுதானே முறை."

அவர் போனபின் மனைவி சொன்னாள்: "போகாதீங்க. அந்த ஆளுங்க மத்தியில விழுந்தும் காட்ட வேணாம், எழுந்தும் காட்ட வேணாம்."

"போகலைன்னா ஆட விடமாட்டாங்கம்மா."

அவள் விளக்குக்கு முன்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. கோர்ட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மூன்று நடுவர்கள் மதிப்பெண் அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். விழுவது, விசில், அறிவிப்பு, தூக்குவது, வாசல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். சாவி எடுத்துவர செயலாளரின் வீட்டுக்கு ஒருவரை அனுப்புவதும் உண்டு. போக்குவரத்து நெரிசலைப் பொறுத்தது என்பதால் அதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை.

விசில் கேட்டதும் லிஃப்ட்காரர் மஞ்சள் சட்டையோடு மெல்ல மண்டியிட்டு, மல்லாந்து படுத்தார். தரை குளிர்ச்சியாக இருந்தது. சுற்றிலும் காலணிகள். மேலே விளக்குகள். இது வெறும் ஒத்திகை என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை. படுத்து, பலர் சுற்றி நின்று, ஒருவர் பேசினால் அது எதற்கு ஒத்திகை என்று அதற்குத் தெரியும். கை பெட்டிக்குப் போகப் பார்த்தது. "கை அசையக் கூடாது" என்று ஒரு நடுவர் எச்சரித்தார்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்பார்ந்த பெரியோர்களே. நம் உறுப்பினர் ஒருவர் கீழே விழுந்திருக்கிறார். இந்த வேளையில் நாம் செய்ய வேண்டிய முதல் கடமை, பதறாமல் இருப்பது. இரண்டாவது கடமை, பதறாமல் இருப்பதன் அவசியத்தைப் பற்றிச் சிந்திப்பது. இம்மன்றம் தோன்றிய வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால்..."

தலைவர் பேசும்போது உட்கார்ந்திருப்பவர்களே தூங்குவார்கள். இவரோ படுத்திருந்தார். அதுவும் வாரக்கணக்காகச் சரியாகத் தூங்காதவர். மன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம்வரை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றிருந்தது. உள்ளே அவர். விளக்கில்லை, காற்றில்லை. நெஞ்சில் பெட்டி மட்டும் டக், டக் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, பூட்டிய வீட்டில் ஓடும் கடிகாரம்போல. கதவைத் தட்டினார். கத்தினார். வெளியே ஒரு கூட்டமே நிற்பது தெரிந்தது. யாரும் கிட்டே வரவில்லை. அப்போது இடுக்கின் வழியே ஒரு குரல் வந்தது: "மூச்சு விடுய்யா. நான் இங்கதான் இருக்கேன். மூச்சை விடு."

திணறிக்கொண்டு கண் திறந்தார். ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைக்குக் கீழே வியர்வை நாற்றமடிக்கும் ஒரு துண்டு. கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்த கை இரும்புக்கடைத் துரு ஏறிய கை. கோட்டுக்காரர்.

நடந்தது இதுதான். லிஃப்ட்காரர் தூங்கினார், குறட்டை விட்டார், குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. வாய் திறந்தபடி கிடக்க, உதடு கருத்தது. அரங்கமே வியந்தது. "பாருங்க, மூச்சையே அடக்கிட்டார். என்ன ஒரு ஈடுபாடு," என்றார் செயலாளர். மூன்று நடுவர்களும் விழுந்ததற்கு முழு மதிப்பெண் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து, ஊரிலிருந்து திரும்பிய கோட்டுக்காரர் தோள்பையோடு உள்ளே வந்தார். ஒரு பார்வை பார்த்தார். பையைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டினார்.

"ஐயா, உங்களுக்கு இந்த ஒத்திகைல பங்கு இல்ல," என்று செயலாளர் குறுக்கே கையை நீட்டினார். கோட்டுக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, லிஃப்ட்காரரைப் பக்கவாட்டில் புரட்டி, தாடையை நிமிர்த்தி, காதுக்குள் கத்தத் தொடங்கிவிட்டார்.

"நோயாளி எழுந்துவிட்டாரே," என்றார் தலைவர் ஏமாற்றத்தோடு. "நான் இன்னும் வாசலுக்குக் கொண்டுபோகச் சொல்லவே இல்லையே."

விதிக்குப் புறம்பாக ஒருவர் உதவி செய்ததால் ஒத்திகை செல்லாது என்று நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனாலும் நடிப்புக்காக லிஃப்ட்காரருக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்தபடி அவர் கோட்டுக்காரரோடு வெளியே வந்தார்.

வெளிப்படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். கோட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"மாஸ்க் குடுத்திருப்பாங்களே. போடுறியா?"

லிஃப்ட்காரர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"போடலை. தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்."

"நீயா?"

"பின்ன? வருஷக்கணக்கா தும்பிக்கை மாட்டிக்கிட்டுத்தான் தூங்குறேன். பெரிய பேத்தி என்னை யானைத் தாத்தான்னுதான் கூப்பிடுறா. வெளியில சொன்னா கோர்ட்ல ஒருத்தனும் பயப்படமாட்டானேன்னு சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "முதல்ல பகல்ல மாட்டிக்கிட்டு உக்காந்து பாரு. பேப்பர் படி. பொண்டாட்டியைப் பக்கத்துல உக்காரச் சொல்லு. காத்து உன்னை அமுக்கல, கதவைத் திறந்து பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். பழகிடும்."

"பயமா இருக்குய்யா," என்றார் லிஃப்ட்காரர். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் சொல்லாததை இந்த ஆளிடம் சொன்னார்.

"இருக்கட்டும். எனக்கும் இருக்கு. அது பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்திருக்கட்டும். நீ தூங்கு."

லிஃப்ட்காரர் அப்போதுதான் யோசித்தார். கதவு இடுக்கில் அத்தனை காலம் தான் சொன்னதில், மனிதர்களை அடங்கவைத்தது பிரேக் இல்லை. அதற்கு அடுத்த வாக்கியம்தான்.

அன்று மதியமே மனைவி மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவர் தும்பிக்கையோடு செய்தித்தாள் படித்தார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு. குறட்டையும் வராது, பேச்சும் வராது," என்றாள் அவள். சில நாள் பிய்த்து எறிந்தார். சில நாள் தாக்குப்பிடித்தார். அப்புறம் ஒரு காலையில் விழித்தபோது மாஸ்க் முகத்திலேயே இருந்தது, மனைவி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். மழை விட்டு ஜன்னலில் வெயில் விழும்வரை அவளை எழுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்றத்துக்குத் திரும்பிப் போனார். மஞ்சள் சட்டையைச் செயலாளர் நீட்டினார். கோட்டுக்காரர் அதை வாங்கிக் கோர்ட்டைத் துடைத்துவிட்டு ஓரமாகப் போட்டார். "ஆடுவோம் வா," என்றார்.

முதல் பந்தே மூலைக்கு வந்தது. லிஃப்ட்காரர் தடுமாறினார். மூச்சு வாங்கியது. நெஞ்சு திக்திக்கென்றது. இதுதானா, இப்போதுதானா என்று கை தோளுக்குப் போனது. அதற்குள் அடுத்த பந்து வந்துவிட்டது. இரக்கமே இல்லாத பந்து. அதை எடுக்க ஓடினார். கொஞ்சம் ஓடினார், நின்றார், தண்ணீர் குடித்தார், மறுபடி ஓடினார். ஒரு பந்தைத் தலைக்குமேல் தூக்கிப் பின்கோட்டுக்கு இடது கையால் இறக்கினார்.

"வெளிய," என்றார் கோட்டுக்காரர்.

"எதுய்யா வெளிய? கோட்டு மேலயே விழுந்துச்சு."

"கண்ணுக்கும் ஒரு மெஷின் வாங்கி மாட்டு. விரல் அளவு வெளிய."

"எந்த விரல்? உன் விரலா? அது உலக்கை."

லிஃப்ட்காரர் வலையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். இரண்டு பெரிய மனிதர்களும் தரையில் மண்டியிட்டு, பந்தே இல்லாத இடத்தைச் சுட்டிச் சுட்டிப் பேசினார்கள். முகங்கள் சிவந்தன. செயலாளர் விசில் ஊதினார். மறுபடி ஊதினார். தலைவர் இரங்கல் உரையைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்து வந்தார். "அபாய வகை உறுப்பினரே, வாக்குவாதம் விதிப்படி..."

"சும்மா உக்காருங்கய்யா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வாக்குவாதம் தொடர்ந்தது. அது முடியும்வரை லிஃப்ட்காரரின் கை ஒருமுறைகூடத் தோளுக்குப் போகவில்லை. கோட்டைக் காட்டவே அது போதவில்லை.

அன்று படுக்கும்முன் கடவுளிடம் நன்றி சொன்னார். மருத்துவருக்காகச் சொன்னார், மனைவிக்காகச் சொன்னார், பெட்டிக்காகவும் குழாய்க்காகவும் சொன்னார். கோட்டுக்காரருக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். பயம் போகவில்லை, அதுவும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்க்கை எடுத்து முகத்தில் வைத்தவர், ஏதோ விட்டுப்போனதுபோல மறுபடி கழற்றினார். பந்து உள்ளேதான் விழுந்தது என்பதையும் கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டு, மாட்டிக்கொண்டு தூங்கினார்.